மூலையில் பாய், தலையில் இலந்தைப்பழம்

புனேயில் மார்கழி மாதத் தரை கடிக்கிறது. ஊரில் இருப்பவர்கள் இதை நம்பமாட்டீர்கள். திருநெல்வேலியில் வெயில் தாங்காமல் கன்னத்தை வைத்துப் படுப்போமே, அந்தத் தரைதான். இங்கே அது ஷாஹாபாத் கல். குணம் ஐஸ் கட்டியுடையது. பத்து மாதப் பேத்தி மீனாவைத் தரையில் விடுவதற்கு ஒரு சாக்கு, அதன்மேல் ஜமுக்காளம், அதன்மேல் கம்பளி, அதன்மேல் கோரைப்பாய் என்று நான்கு அடுக்கு போட்டேன். நான்காவது அடுக்கில் ஏறிய குழந்தை, அம்பாரியில் இருப்பதுபோல் என்னைக் கீழே பார்த்தது.

விளையாட்டாகச் சொல்லவில்லை. கசார்வாடியில் ஒரே நீள வராந்தாவில் பல கதவுகள் திறக்கும் வரிசை வீட்டில் எங்களுக்கு இரண்டு அறைகள். மகனுக்குப் பட்டறையில் ஷிப்ட். மருமகள் ஜெயாவுக்குப் பொங்கல் கழிந்ததும் பள்ளிக்கூட வேலை. பகலில் குழந்தையை யார் பார்ப்பது? நான்தான் என்றேன். ஜெயாவின் கண் அடுத்த வீட்டு மராட்டிக்கார அம்மாள் சுமன் காக்குவின் கதவுப் பக்கம் போய்வந்தது. "பொங்கல் வரைக்கும் பாப்பம் மாமா" என்றாள். மருமகள் சொல்லும் "பாப்பம்" எப்படிப்பட்டது என்று மாமனார்களுக்குத் தெரியும்.

என் மகன் தவழ்ந்த காலத்தில் அவனுக்கென்று மூலை ஒன்றும் கிடையாது. வீடு முழுக்க அவனுடையது. உளுந்து டப்பா, செருப்பு, பூனையின் வால் என்று அவனே பாடம் எடுத்துக்கொண்டான். இங்கே ஸ்டவ்வுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் நடுவில்தான் மீனாவின் பள்ளிக்கூடம். மூன்று எவர்சில்வர் டம்ளர், இரண்டு மூடி, ஓர் அகப்பை, ஒரு தேங்காய்ச் சிரட்டை: ஆக ஏழு. பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்குவேன். குழந்தையின் கைமுஷ்டியைவிடச் சிறிய பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது, விழுங்கிவிடும். இது சட்டம்.

பாடம் ஒன்றுதான். டம்ளருக்குள் போடுவது, எடுப்பது. "போடுட்டி மீனா" என்று அகப்பையை டம்ளரில் போட்டுக் காட்டுவேன். டம்ளர் கவிழும். சிரட்டையை வைப்பேன், அது டம்ளருக்குத் தொப்பியாக நிற்கும். மீனா யோசித்துவிட்டு டம்ளரை வீசுவாள். அது உருண்டு வராந்தா வழியே காக்கு வீட்டுக்குப் போகும். அவளும் பின்னாலேயே தவழ்ந்து போவாள். நான் போய் இரண்டையும் மீட்டு வருவேன்.

பொங்கலன்று காலை, காக்கு ஒரு தாம்பாளத்துடன் வந்தார். அதில் குழந்தைக்குக் கறுப்புச் சட்டை. நல்ல நாளில் கறுப்பு! எனக்குத் தெரிந்த ஹிந்தியில் பதறிக் கேட்டேன்: "கோன் மர் கயா?"

யார் செத்தது என்று கேட்டதும் காக்கு தாம்பாளத்தையே கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இவங்க சங்கராந்திக்குக் கறுப்புதான் உடுத்துவாங்க மாமா. குளிருக்குச் சூடு தாங்கும்லா" என்றாள் ஜெயா.

சட்டையோடு நகையும் வந்தது. எல்லாம் சர்க்கரை மணி. மாலை போட்ட உடனே குழந்தை நக்க ஆரம்பித்தது. நான் எட்டு மணிகள் குறைந்ததை எண்ணுவதற்குள் காக்கு தாம்பாளத்தில் இருந்த கிண்ணத்தைத் தூக்கி மீனாவின் தலைமேல் கவிழ்த்தார். பொரி, நிலக்கடலை, கரும்புத் துண்டு, இலந்தைப்பழம். குழந்தையின் முதல் சங்கராந்திக்கு இங்கே இப்படித்தான் நீராட்டுவார்களாம். வராந்தாப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கினார்கள். என் சட்டம் தடுத்ததெல்லாம் மழையாகப் பொழிந்தது.

"எடுங்க, எடுங்க! எல்லாம் முஷ்டியைவிடச் சின்னது!"

"ஏன் மாமா இப்படிப் பதறுதீங்க? அந்தப் பிள்ளைய பாருங்க."

மீனா விரல் நுனிகளால் ஓர் இலந்தைப்பழத்தை எடுத்தாள். வாய்க்கு அருகே கொண்டுபோனாள். நான் பிடுங்கக் கை நீட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'டங்' என்று டம்ளருக்குள் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள்.

அப்போதுதான் புரிந்தது. நான் அனுமதித்த பொருள் எதுவும் டம்ளருக்குள் அடங்காது. பஞ்சாலை ஸ்டோரில் ஆணிக்கும் டப்பாவுக்கும் அளவு பார்த்தவனுக்கு இது தோன்றவில்லை.

"ஆஜோபா பாஸ்!" என்றார் காக்கு. தாத்தா தேறிவிட்டாராம். பழத்தை எடுத்துக்கொண்டு தம் வீட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். வாய்க்குப் பெரிது, டம்ளருக்குச் சிறிது. சட்டத்தைத் திருத்தினேன்.

ஜெயாவின் "பாப்பம்" தீர்ப்பாகிவிட்டது. காக்குவும் மாமாவும் சேர்ந்து பார்க்க வேண்டும். எலுமிச்சம்பழம் உருண்டு போகிற தூரத்துக்கு எங்கள் மூலை போதாது. ஆகவே நான்கு அடுக்கையும் வராந்தாவுக்கு நகர்த்தினேன். பாயின் ஒரு பாதி எங்கள் வாசலில், மறு பாதி காக்குவின் வாசலில். இந்தப் பக்கம் ஜெயா வைத்த சர்க்கரைப் பொங்கல், அந்தப் பக்கம் எள்ளுருண்டை. கறுப்புச் சட்டைக்காரி இரண்டையும் பூசிக்கொண்டு நடுவில் இருக்கிறாள். நான் "போடுட்டி" என்றாலும் போடுகிறாள். காக்கு மராட்டியில் "டாக்" என்றாலும் போடுகிறாள். நான் எந்தப் பாதியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று குனிந்து பார்த்தேன். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. இரண்டும் குளிரவில்லை.