படையலுக்கு முன் எடுத்துவைத்தது

ஞானசிகாமணி சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடுவார். இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். நெய்வேலி சுரங்கத்து ஒர்க்ஷாப்பில், கிரீஸ் வாசம் போகாத கையோடு பத்துப் பேர் ஒரே பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிற நேரத்தில் ஒரு மனிதர் கண்ணை மூடினால், திறக்கும்போது அவர் டப்பாவில் வறுத்த மீன் ஒன்று குறைந்திருக்கும். கம்மாபுரத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்குச் சக்கரபாணி வந்து சேர்ந்த புதிதில் பல நாள் அப்படிக் குறைந்தது. எடுத்தது யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் மனைவி லீதியாள்தான் விஷயம் தெரிந்ததும் ஒரு மீன் கூடுதலாக வைத்து அனுப்பத் தொடங்கினாள்.

கூடுதல் மீன் வரத் தொடங்கியதும் திருடுவதில் சக்கரபாணிக்குச் சுவாரசியம் போய்விட்டது. மெல்ல மெல்ல அவனே காவல்காரன் ஆனான். சிகாமணி கண்ணைத் திறக்கும் வரை தன் டப்பாவின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பான். வேறு யாராவது அவசரப்பட்டுத் திறந்தால் முறைப்பான். ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டால் செருமுவான். ஜெபம் முடிந்ததும் அந்தக் கூடுதல் மீன் அவன் டப்பாவுக்குப் போகும். அவ்வளவுதான்.

சிகாமணியின் ஊர் மேல்பட்டாம்பாக்கம். அங்கே லுத்தரன் கோயிலில் மணியடித்துக் கூட்டிப் பெருக்குவது அவருடைய அப்பாவின் வேலை. வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போய்விட்டு, ஏழாம் நாள் ஆண்டவர் வீட்டைக் கூட்டுகிறவர். மகன் ஐ.டி.ஐ. படித்து, நெய்வேலியில் அப்ரண்டிஸாக நுழைந்து, பெர்மனென்ட் ஆகி, இருபத்தொன்றாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் வாங்கிய அன்று அந்த அப்பா வாசலில் நின்று அழுதுவிட்டார். வாசலில் மாமரம் வேறு இருந்தது. அப்பா தந்த ஆஸ்தி என்று சிகாமணி சொல்லிக்கொள்வது இரண்டு. ஒன்று, பயன்படுத்திப் பயன்படுத்திச் சிவப்பு ஓரம் வெளுத்த வேதப்புத்தகம். இன்னொன்று, எங்கே குப்பை கிடந்தாலும் துடைப்பத்தைத் தேடும் கை.

ஒர்க்ஷாப்பில் நிலக்கரி தூக்கிவரும் கன்வேயர் பெல்ட்டின் உருளைகளைப் பழுது பார்க்கிறார்கள். அங்கே சிகாமணி மற்றவர்களிடமிருந்து எங்கே விலகி நின்றார், எங்கே சேர்ந்து நின்றார் என்று பார்த்தால் அது ஒரு வேடிக்கையான கோடு. போனஸ் வந்த அன்று குடிக்கப் போக மாட்டார். ஆனால் குடித்தவர்களைப் பழைய ஸ்கூட்டரில் ஒவ்வொருவராக வீடு சேர்ப்பார். பார்க்காத ஓவர்டைமைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டார். அப்படிச் சொன்னவனைக் காட்டிக்கொடுத்துப் பெயர் வாங்கவும் மாட்டார், தனியே கூப்பிட்டு, "இது வேணாம்பா" என்பதோடு சரி. ஆயுத பூஜை வந்தால் முதல் நாளே மண்ணெண்ணெய் வாளியோடு உட்கார்ந்து எல்லாருடைய மெஷினையும் பளபளவென்று துடைத்துக் கொடுப்பார். பொட்டு வைக்கிற நேரம் வந்ததும் தள்ளிப் போய் நின்றுகொள்வார். சுத்தம் செய்வது வேலை, பொட்டு வைப்பது வழிபாடு என்பது அவர் கணக்கு. இதனால் அந்த ஒர்க்ஷாப்பிலேயே சந்தனம், குங்குமம் படாத ஒரே மெஷின் அவருடைய டிரில்லிங் மெஷின்தான். திருநெல்வேலிக்காரரான ஃபோர்மேன் சண்முகசுந்தரம், அவர் ஊரில் கிறிஸ்தவர்களைச் சொல்கிறபடி, அதற்கு வேதக்கார மெஷின் என்று பெயரே வைத்துவிட்டார்.

அந்தச் சண்முகசுந்தரத்தின் மனைவி தனபாக்கியம் ஒரு காலத்தில் சிகாமணிமேல் மனத்தாங்கலாக இருந்தாள். ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தாரையும் ஒர்க்ஷாப்புக்குள் விடுவார்கள். அவள் ஆசையாகச் செய்து கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை, படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்று அவர் கைகூப்பி மறுத்துவிட்டார். நம் வீட்டுச் சோறு இவருக்கு ஆகாதா என்று அவளுக்குச் சுருக்கென்றது. கோபத்தோடு கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக் கிளம்பினாள். கேட்டைத் தாண்டவில்லை, திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காயின் சதையில் சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். ஓடிவந்து தூக்கியவர் சிகாமணி. தூக்கி உட்கார வைத்த கையோடு ஒரு துடைப்பத்தையும் சாந்துச் சட்டியையும் கொண்டுவந்து ரோட்டில் கிடந்ததை ஒரு துணுக்கு விடாமல் கூட்டி அள்ளினார். முழங்கை சிராய்த்து உட்கார்ந்திருந்த தனபாக்கியம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருடம் அவள் இரண்டு தூக்குவாளியோடு வந்தாள். ஒன்று படையலுக்கு. இன்னொன்றைத் தனியே நீட்டி, இது படைக்கிறதுக்கு முன்னாலேயே எடுத்து வைத்தது, இதைச் சாப்பிடலாமில்லையா என்று கேட்டாள். சிகாமணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து வருடா வருடம் பூசணியைக் கூட்டுவது அவர் வேலை, இரண்டாவது தூக்குவாளி அவர் பங்கு. சபையில் ஒரு பெரியவர், அவர்கள் உடைத்ததை நீர் ஏன் அள்ளுகிறீர் என்று கேட்டதற்கு, மாம்பழத் தோல் கிடந்தாலும் அள்ளத்தான் செய்வேன் ஐயா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இப்படியே ஓய்வு பெற்றுப் போயிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒர்க்ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஆயுத பூஜைக்குள் யார் ஓய்வு பெறப் போகிறாரோ அவர் கையால்தான் பூசணிக்காய் உடைக்க வேண்டும். மாலை, சால்வை எல்லாம் கம்பெனி செய்யும் மரியாதை. இது கூட வேலை செய்தவர்கள் செய்யும் மரியாதை. இந்த வருடம் அந்த முறை சிகாமணிக்கு வந்தது.

யாரும் அவரை வற்புறுத்தவில்லை, மிரட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சக்கரபாணி ஆசையாக வந்து, பண்ருட்டிக்குப் போய் நல்ல முற்றிய காயாக நானே பார்த்து எடுத்துவருகிறேன் என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான். அன்பாகக் கேட்கிறவனிடம் மாட்டேன் என்று சொல்ல எந்தப் பிரசங்கத்திலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டு நாள் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"நீ கேட்டதே எனக்குப் பெரிய மரியாதப்பா. ஆனா அது என்னால ஆவாது. ஒடைச்சா கை ஒடைக்கும், மனசு பொய் சொல்லிகினு நிக்கும். அது எங்க ஆண்டவருக்கும் மரியாத இல்ல, உங்க சாமிக்கும் மரியாத இல்ல."

சக்கரபாணியின் முகம் விழுந்துவிட்டது.

"உங்க கை நல்ல கைண்ணே. அந்தக் கையால ஒடைச்சிட்டுப் போனீங்கன்னா எங்களுக்கும் ஒரு விடிவு வரும்னு நெனச்சிகினு இருந்தேன். நாங்கல்லாம் கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட்டாவே கெடக்கணுமா? எங்களுக்காக இது ஒண்ணு செய்ய மாட்டீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் போய்விட்டான். அடுத்த நாள் மதியம் சிகாமணி கண்ணை மூடியதும் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது சக்கரபாணி அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டை முடித்திருந்தான். கூடுதல் மீன் அப்படியே இருந்தது. அந்த வாரம் முழுவதும் ஒரு மீன்கூடக் குறையவில்லை. சிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

லீதியாளிடம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டாள். போய் உடைத்துவிட்டு வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லக்கூடியவளும் இல்லை.

"முடியாதுன்னு சொன்னது சரிதாங்க. ஆனா வெறுங்கையோட அனுப்பிட்டீங்களே. அந்தப் புள்ள உங்ககிட்ட பூசணிக்காயா கேட்டுது? எங்களுக்காக எதுனா செய்யுங்கன்னுதான கேட்டுது?"

அவள் கேட்டது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. என்ன செய்யலாம் என்று மட்டும் புலப்படவில்லை. இத்தனை வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்களை விட்டு இப்படி மனத்தாங்கலோடு போகப் போகிறோமே என்று ஞாயிறு ஆராதனையில் மண்டியிட்டபோது கண்ணீர் வந்தது.

ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் வழக்கம்போல எல்லா மெஷினையும் துடைத்தார், சக்கரபாணியின் கிரைண்டரை மட்டும் இரண்டு முறை. பூஜை அன்று தோரணம் கட்டி, பொரி, சுண்டல், வாழைப்பழம் பரப்பி, குழந்தைகள் ஓடித்திரிய, ஒர்க்ஷாப் கல்யாண வீடாக இருந்தது. சிகாமணி டிரில்லிங் மெஷின் பக்கம் ஒதுங்கி, கையில் துடைப்பத்தோடு நின்றார். சூடம் ஏற்ற இன்னும் ஆள் வரவில்லை. அப்போது சண்முகசுந்தரம் அவரைப் பார்த்து நடந்துவந்தார். பின்னால் தனபாக்கியம், தூக்குவாளியோடு. அவர்களுக்குப் பின்னால், வயிற்றோடு அணைத்து ஒரு பெரிய வெள்ளைப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு சக்கரபாணி.

எல்லார் முன்னாலும் கையில் கொடுத்துவிடப் போகிறார்களே என்று பயந்து சிகாமணி ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதிய சிகாமணி," என்றார் சண்முகசுந்தரம். "ஒடைக்கிற காய் அங்க இருக்கு. அத நான் ஒடைக்கேன். இது வேற. குங்குமம் வைக்கல, சூடம் காட்டல. படைக்கிறதுக்கு முன்னாலயே உமக்குன்னு எடுத்து வச்சாச்சு. வருசா வருசம் பொங்கல எடுத்து வைக்கோம்லா, பூசணிக்காய எடுத்து வச்சா என்னன்னு இவதான் கேட்டா."

தனபாக்கியம் சிரித்தாள். சக்கரபாணி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி காயை அவர் கையில் வைத்தான்.

"ஒடைக்க வேணாம்ண்ணே. எங்களுக்காக உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. கை உங்க கைதான?"

துடைப்பம் எப்போது கீழே விழுந்தது என்று சிகாமணிக்குத் தெரியாது. பூசணியை அணைத்துக்கொண்டு நின்றார். அதன் மேல் இருந்த சாம்பல் பொடி சட்டையெல்லாம் ஒட்டியது. பிறகு கண்ணை மூடினார். இத்தனை வருடத்தில் அந்த ஒர்க்ஷாப்புக்குள் அவர் வாய்விட்டு ஜெபம் பண்ணியது அதுதான் முதல்முறை.

"கர்த்தாவே, இவங்கள எனக்குக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம்," என்று தொடங்கினார். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். சண்முகசுந்தரத்தின் சர்க்கரை நோயைச் சொன்னார். தனபாக்கியத்தின் கைப்பக்குவத்தைச் சொல்லி நன்றி சொன்னார். கான்ட்ராக்டில் இருக்கும் எல்லாரையும் சொல்லி, சக்கரபாணியின் வேலை நிலைக்க வேண்டும், அவன் பிள்ளைகள் படிக்க வேண்டும், ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ஒர்க்ஷாப்பே கைகட்டி நின்றது. ஓடித்திரிந்த பிள்ளைகள்கூட நின்றிருந்தார்கள்.

பிறகு அவர்கள் பூஜை நடந்தது. சண்முகசுந்தரம் கேட்டில் பூசணிக்காயை உடைத்தார். சிகாமணி போய்க் கூட்டினார்.

ஜெபம் பண்ணியதும் சக்கரபாணி பெர்மனென்ட் ஆகிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் ஆகவில்லை. சிகாமணி மட்டும் தினமும் அதை ஆண்டவரிடம் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார். அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

அவருக்கென்று எடுத்துவைத்த அந்தப் பூசணியை லீதியாள் துருவி, பிழிந்து, நெய்யும் முந்திரியும் கணக்கில்லாமல் போட்டுக் காசி அல்வாவாகக் கிளறினாள். விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபோது பெரிய எவர்சில்வர் டப்பா நிறையக் கொடுத்தனுப்பினாள். மதியம் பெஞ்சில் நடுவே அதைத் திறந்து வைத்ததும் நெய் மணம் பக்கத்து ஷெட் வரைக்கும் போனது. யாரும் கை வைக்கவில்லை. சக்கரபாணி பழைய இடத்திலேயே, சிகாமணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். தன் டப்பாவின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் கண்ண மூடுங்கண்ணே, பசிக்குது," என்றான்.

சிகாமணி கண்ணை மூடினார். அன்றைக்கு நன்றி சொல்ல நிறைய இருந்தது, ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால், அல்வாவில் ஒரு ஓரம் குறைந்திருந்தது. சக்கரபாணி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை.