துடைக்காமல் விட்ட பதினாலு கறை

மெத்தை ஆலையில் தரை கூட்டித் துடைப்பவளை எல்லோரும் மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் மிளகாய் அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் மிளகாய். வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவனுக்குக் கண் எரியும். ஆனால் முதலாளியிடம் மட்டும் மூன்று வருஷமாக "சரிங்க" என்ற ஒரு சொல்லைத் தவிர அவள் பேசியதே கிடையாது. அதை அந்த ஆள் நன்றி என்று நினைத்துக்கொண்டார். மண்டைக்குள்ளும் பஞ்சு அடைத்திருந்தால் அப்படித்தான் தோன்றும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், மலையில் காடு பற்றியது. காற்று கீழ்நோக்கி அடித்தது. பழைய ஆலையின் கூரைக்கு அடியில் காற்று வர ஓட்டைகள் உண்டு. கொசு வராமல் இருக்க அதில் நைலான் வலை கட்டியிருந்தார்கள். பறந்து வந்த பொறிக்கு அது ஒரு தடையா? பொசுக்கென்று உருக்கிவிட்டு உள்ளே வந்து பஞ்சில் விழுந்தது. முன்பக்கம் நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள். பின்பக்கம் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன். பின் கதவு வெளியே பூட்டிக் கிடந்தது. பஞ்சு களவு போகிறதாம், அதற்காகப் பூட்டு. அடையாளம் சொல்ல அவள் கையில் கொடுத்தது ஒரு இடுப்பு வாரின் கொக்கி மட்டும்தான்.

அது கூடப் போகட்டும். முதலாளி போலீஸுக்கு என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? மலைத் தீ இறங்கி வருவதற்கு முன்பே உள்ளே பற்றிவிட்டது, அவன் சிகரெட் பிடித்துவிட்டுத் துண்டைப் பஞ்சில் போட்டான் என்று. பஸ்ஸில் பக்கத்து ஆள் புகைத்தால் எழுந்து போய் நின்றுகொண்டே வருகிற மனுஷன் மேல் அந்தப் பழி விழுந்தது. செத்தவன் திரும்பி வந்து இல்லை என்று சொல்லப்போகிறானா?

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குள் ஒரு வாடகைக் கொட்டகையில் ஆலை மறுபடி ஓட ஆரம்பித்தபோது, அவள் வாயை அடைக்க முதலாளியே வேலை கொடுத்தார். நாத்தனார் வாசலில் நின்று கத்தினாள்.

"என் அண்ணனைக் கொன்னவன் காலடியைக் கூட்டப் போறியா? உனக்குச் சூடு சொரணை இருக்கா, அண்ணி?"

"இருக்கு. அதனாலதான் போறேன். தூரத்துல இருந்து கல்லெறிஞ்சா குறி தப்பும்."

போனாள். மூன்று வருஷம் கூட்டினாள். ஒரு தூசி, ஒரு கறை விட்டதில்லை. துடைப்பத்தோடு நிற்கிறவளை யாரும் ஆள் என்று எண்ணுவதில்லை, எல்லாவற்றையும் அவள் காதுபடப் பேசுவார்கள். மலையடிவாரத்தில் புதிதாக ஆலை கட்டினால் என்னென்ன வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டாள். சுற்றி முப்பது மீட்டருக்குப் புதர் இருக்கக் கூடாது. தீக்கென்று தனித் தண்ணீர்த் தொட்டி. பூட்டில்லாமல் வெளிப்பக்கம் தள்ளித் திறக்கிற கதவுகள். கூரை ஓட்டை ஒவ்வொன்றிலும் பொறி நுழையாத பொடிக் கண் இரும்பு வலை. தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஆலை திறக்கலாம்.

எரிந்த இடத்திலேயே புதுக் கட்டடம் எழும்பியது. புதர் வெட்டினார்கள், தொட்டி கட்டினார்கள், கதவும் மாட்டினார்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சரியாக நடந்தது. மொத்தம் பதினாறு ஓட்டை. அதிகாரி நுழைந்ததும் கண்ணில் படுகிற முன்பக்கத்து இரண்டில் மட்டும் இரும்பு வலை வந்தது. மீதிப் பதினாலில், அதிகாரி வருவதற்கு முந்தின நாள், மேஸ்திரி அவசர அவசரமாகக் கொசு வலையை அடித்து, மேலே வெள்ளிப் பெயின்ட் பூசினான். கீழே நின்று பார்த்தால் இரும்பு மாதிரியே மின்னியது.

"அக்கா, கீழ சொட்டினதெல்லாம் சுத்தமா எடுத்துடு. காலையில அதிகாரி வர்றாங்க."

"இரும்புக்கு எதுக்குப்பா பெயின்ட்?"

"துருப் பிடிக்காம இருக்க."

"அப்போ முன்னாடி இருக்கிற ரெண்டும் துருப் பிடிக்கலாமா?"

மேஸ்திரி பெயின்ட் டப்பாவை மூடினான். "உன் வேலையைப் பாரு."

அவள் தன் வேலையைப் பார்த்தாள். முகம் தெரிகிற அளவுக்குத் தரையைத் தேய்த்தாள். பதினாலு ஓட்டைக்குக் கீழே விழுந்திருந்த பதினாலு வெள்ளிக் கறையை மட்டும் தொடவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வந்த அதிகாரி ஒரு பெண். முப்பது முப்பத்தைந்து வயசு, கையில் ஒரு குறிப்பேடு, சிரிப்பு மருந்துக்கும் இல்லை. முதலாளி அவள் முன்னால் குழைந்துகொண்டே போனார். அவர்களுக்குக் கொஞ்சம் முன்பாக மிளகாய் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து அடுக்கிக்கொண்டே போனாள், ரொம்ப வேலைக்காரி மாதிரி.

அதிகாரி நின்றாள். தரையைப் பார்த்தாள், நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். நாலடி நடந்தாள், மறுபடி தரை, மறுபடி கூரை.

"இது என்ன சொட்டு?"

"சோம்பேறி வேலைக்காரி, மேடம். துடைக்கச் சொன்னா கேக்கிறதில்ல."

"முன்னாடி ரெண்டுக்குக் கீழ சொட்டு இல்லையே. ஏணி இருக்கா?"

"ஏணி... வெளியில போயிருக்கு, மேடம்."

"இதோ இருக்குங்க," என்றாள் மிளகாய். கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் காலையிலேயே கொண்டு வந்து சாத்தியிருந்தாள்.

அதிகாரி ஏறினாள், ஒரு துண்டு வெட்டி எடுத்தாள், இறங்கி வெளியே வெட்டவெளிக்கு நடந்தாள். வேலைக்காரர்கள் எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள்.

"யார்கிட்டயாவது தீப்பெட்டி இருக்கா?"

யாரிடமும் இல்லை. வாசலில் காவலாளி தினமும் ஒவ்வொருத்தர் பையையும் தடவித்தான் உள்ளே விடுவான்.

"முதலாளி சட்டைப் பையில லைட்டர் இருக்குங்க மேடம்," என்றாள் மிளகாய். "பஞ்சு அடுக்கிற இடத்துலயே பிடிப்பாரு. தினமும் துண்டு பொறுக்குறவ நான்தான். அவரைத் தடவிப் பாக்க யாரு இருக்கா?"

அதிகாரி கையை நீட்டினாள். முதலாளி லைட்டரை எடுத்துக் கொடுத்தார், வேறு என்ன செய்வார்? அவர் நெருப்பே அவர் வலையைத் தின்றது. சுருண்டு, உருகி, கறுப்புச் சொட்டாக மண்ணில் விழுந்தது. அந்த நாற்றம் மிளகாய்க்குத் தெரியும். இடுப்பு வார்க் கொக்கியில் ஒட்டியிருந்த அதே நாற்றம்.

அதிகாரி ஜீப்பில் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். முதலாளி மிளகாயை ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

"இங்க பாரும்மா. மேஸ்திரி எனக்குத் தெரியாம செஞ்சான்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. என்ன வேணும் உனக்கு, கேளு."

"என் புருஷன் சிகரெட் பிடிக்கலேன்னு சொல்லுங்க."

"சரி, பிடிக்கல."

"எனக்குத் தெரியும். அதோ நிக்கிறாங்களே, அவங்களுக்குச் சொல்லுங்க. சத்தமா."

முதலாளி ஜீப்பைப் பார்த்தார். தூரமாகத்தான் தெரிந்தது. திரும்பி வேலைக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்.

"இவ புருஷன் சிகரெட் பிடிக்கல! தீ ஓட்டை வழியாத்தான் வந்துச்சு!"

"கதவு?"

"கதவைப் பூட்டச் சொன்னது நான்தான்! போதுமா?"

"போதும்," என்றாள் அவள். பிறகு ஜீப்பின் திறந்த ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "எழுதிக்கிட்டீங்களா மேடம்?"

"எழுதிட்டேன்," என்றது உள்ளேயிருந்து குரல்.

முதலாளியின் முகம் சாம்பல் பூத்தது. "மேஸ்திரி பேரைச் சொல்றேன்னியே!"

"நான் எப்ப சொன்னேன்? நீங்க கேட்டீங்க, நானும் கேட்டேன். அவ்வளவுதான்."

"நாளையில இருந்து வேலைக்கு வராத, நன்றி கெட்டவளே!"

"ஆலை திறந்தாத்தானேய்யா வேலை."

வாளித் தண்ணீரை அவர் செருப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்துக் கொட்டினாள். துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு, நாத்தனாரிடம் சொல்ல நடந்தாள்.