பூட்டன் வெட்டிய காடு

மலேசியாவின் கோலா சிலாங்கூரில் நாங்கள் புதுவீட்டுக்குக் குடிவந்த மாதம், நரைத்த தாடியோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். பேசுமுன் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இது எங்க பூட்டன் காடு வெட்டி வாங்குன நிலம்லா. அவர இங்கதான் பொதைச்சாங்க. எடம்தான் தெரியல."

நில அலுவலகம், உறவினர் வீடுகள் என்று அலைந்து இந்த வரிசைவீடுகள் வரை வந்திருந்தார். அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். எங்கும் சிமெண்டுத் தரை. தயங்கித் தயங்கி, மதிலோரம் உட்கார்ந்து கற்பூரம் ஏற்றினார்.

"யாருண்ணே நிலத்த வித்தது?" என்று கேட்டேன்.

"எங்கப்பாதான். என்னைப் படிக்க வைக்க."

சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார். பிறகு அவர் வரவேயில்லை. அந்தத் தரையில் சுடுநீர் கொட்ட இன்றும் எனக்குக் கை வருவதில்லை.