ஐந்தாம் பாடம் இறங்கவில்லை

நாமக்கல்லில் கட்டட பிளான் போட்டுக் கொடுக்கும் அந்த இன்ஜினியர் என் டிப்ளமோ சர்டிபிகேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் கையால் வரைந்து சுருட்டிக்கொண்டு போயிருந்த வீட்டு பிளானை மட்டும் விரித்துப் பார்த்தார். "கை சுத்தமா இருக்குதுங்க. ஆனா இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லதான். கேட் கத்துக்கிட்டு வாங்க. ஆடி முடிஞ்சதும் எம் முன்னால ஒரு பிளான் போட்டுக் காட்டுங்க, வேலை உங்களுக்குத்தான்" என்றார். டிப்ளமோ முடித்துவிட்டு கொல்லிமலையில் மரவள்ளிக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? "சரிங்க சார்" என்று பெரிய இவளாட்டம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கேட் என்பது கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற சாஃப்ட்வேர் என்பதற்கு மேல் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

சேலத்தில் அதற்கு வகுப்பு இருந்தது. தங்கிப் படிக்க வீட்டில் விடவில்லை. அதற்குப் பதிலாக அண்ணன் எங்கேயோ ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறி எங்கள் ஊரான ஆலத்தூர் நாட்டுக்குக் கொண்டுவந்தார். விற்றவர் கேட் சாஃப்ட்வேரையும் அதில் போட்டுக் கொடுத்திருந்தார். திறந்தால் கறுப்புத் திரை, நடுவில் ஒரு கூட்டல் குறி. மவுஸை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது. அவ்வளவுதான்.

"அப்பறம்?" என்றார் அண்ணன்.

"அப்பறம் என்னன்னு தெரிஞ்சா நான் ஏன் இப்பிடி உக்காந்திருக்கேன்?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நாமக்கல்லில் தேடி வாங்கிய தடிப் புத்தகம், 'போன பதிப்பு உங்களுக்குக் கைவந்திருக்கும், இதில் புதிதாக வந்திருப்பவற்றைப் பார்ப்போம்' என்று ஆரம்பித்தது. போன பதிப்பைக் கண்டவள் யார்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருந்தது. கடைசியில், என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த தோழி ஒருத்தி, சேந்தமங்கலத்தில் தன் வீட்டுக்கு எதிரே பிரௌசிங் சென்டர் திறந்திருப்பதாகச் சொன்னாள். இறங்கிப் போனேன். ஆரம்பப் பாடம் என்று அடித்தால் வந்து கொட்டியது. ஒன்று பணம் கட்டு என்றது. ஒன்று பாலம் கட்டச் சொல்லிக் கொடுத்தது. கிடைத்ததையெல்லாம் ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்து திறந்தால் எழுத்து இருக்கிறது, படத்தைக் காணோம். 'கீழே படத்தில் காட்டியுள்ள பட்டனை அழுத்தவும்' என்று இருக்கும். கீழே ஒரு வெற்றுக் கட்டமும் சிவப்பு இன்டு குறியும். படத்தைத் தனியாகச் சேமிக்க வேண்டும் என்று அந்த சென்டரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மானிட்டரைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

அடுத்த தடவை போனபோதுதான் இன்டர்நெட்டில் அந்தப் பக்கம் கிடைத்தது. எந்த நாட்டு வாத்தியாரோ, 'இதற்கு முன் தொட்டதே இல்லையா? பரவாயில்லை, முதலில் ஒரு கோடு போடலாம்' என்று தொடங்கியிருந்தார். அட மகராசா, எங்கேய்யா இருந்தாய் இத்தனை நாளாய் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மொத்தம் ஐந்து பாடம். கோடு, கட்டம், சுவர் என்று போய், நாலாம் பாடத்தில் அவர் சொல்கிற இடத்தில் அவர் சொல்கிற அளவை அடித்தால் ஒரு முழு வீடு வந்துவிடும். ஐந்தாம் பாடத்தின் தலைப்பு, 'இனி உங்கள் சொந்த வீட்டை, உங்கள் அளவில்.' படங்களையும் தனியாகச் சேமித்ததில் அன்றைக்கு நாலு பாடத்துக்குத்தான் ஃபிளாப்பியில் இடம் இருந்தது. மலைக்கு வந்து அந்த வீட்டையே திரும்பத் திரும்பப் போட்டு, பார்க்காமல் போடுகிற அளவுக்கு வந்தேன்.

ஐந்தாம் பாடத்துக்கு நான் கிளம்புவதற்குள் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் நோம்பி முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது.

"போயிட்டுப் பொழுதுக்குள்ள வந்தரோணும் சாமி. ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்மளத்தான் பேசுவாங்க" என்றார் அம்மா.

போனேன். சேந்தமங்கலத்தில் கரண்ட் இல்லை. சாயங்காலம்தான் வந்தது. அந்தப் பக்கம் மேலிருந்து கோடு கோடாக இறங்கத் தொடங்கியது. தலைப்பு வந்தது. பாதிப் படம் வந்தது. வெளியே மலைக்குப் போகிற கடைசி பஸ் ஹாரன் அடித்தது.

"எங்கூட்லயே தங்கீட்டுக் காலைல போலாமில்லடி" என்றாள் கூட வந்திருந்த தோழி.

"காப்புக் கட்டியிருக்குதே, எப்பிடித் தங்கறது?" என்று கத்திவிட்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டினேன். சாமியையும் சேர்த்துத்தான். நோம்பி முடிந்து போனபோது அந்தப் பக்கமே இல்லை. எப்படித் தேடியும் வரவில்லை.

ஆடி முடிந்தது. இன்ஜினியர் தம் கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்காரவைத்தார். "முப்பதுக்கு நாப்பது. கெழக்கு வாசல். ஒரு பூஜை ரூம். போடுங்க."

அவர் கேட்ட வீடு அப்படியே என் மனதுக்குள் நின்றது. காகிதத்தில் என்றால் ஒரு டீ ஆறுவதற்குள் போட்டிருப்பேன். ஆனால் மவுஸைப் பிடித்த கைக்குத் தெரிந்தது அந்த வாத்தியாரின் வீடு ஒன்றுதான். அளவை மாற்றினால் சுவர் எங்கோ ஓடியது. அழித்தால் எல்லாம் அழிந்தது. வேறு வழியில்லாமல் வாத்தியார் வீட்டையே போட்டேன்.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "ஹால்ல இதென்னுங்க?"

"குளிருக்கு நெருப்பு மூட்டற எடமுங்க."

"நாமக்கல் வெயிலுக்கா? காருக்கு ஊட்டுக்குள்ளயே ரூம் உட்ருக்கீங்க, சாமிக்கு எங்கீங்க?"

"ஒரு பேப்பர் குடுங்க சார், கையில போட்டுத் தாரேன்" என்றேன்.

"கையில போடறதுன்னா நானே போட்டுக்குவனுங்களே" என்றார். கோபமே இல்லை அவரிடம். அதுதான் தாங்க முடியவில்லை. "இன்னுங் கொஞ்சம் நல்லாக் கத்துக்கிட்டு வாங்க கண்ணு."

"எங்கீங்க சார் கத்துக்கறது? நீங்களே சொல்லுங்க, எங்க போயிக் கத்துக்கறது?" அழுகையோடு கேட்டேவிட்டேன்.

அவர் கம்ப்யூட்டரை அணைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் உறையை மெதுவாக மாட்டினார்.

"அது தெரிஞ்சா நான் ஏங்கண்ணு ஆள் தேடறேன்? சேலத்துல கிளாசுக்கும் போயிப் பாத்தேன், சின்னப் பசங்களோட உக்காந்து ஒண்ணும் மண்டைல ஏறல. கையில போட்ட பிளானை இப்ப ஒருத்தரும் வாங்கறதில்ல. உங்களத்தான் நம்பீட்டு இருந்தேன்."