கொண்டையில் ஒரு பென்சில்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வெள்ளிதோறும் அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு சர்ச்சில் கூடி, சேர்ந்து வகுப்பு நடத்துவார்கள். நாங்கள் சேர்ந்த முதல் வெள்ளி, ட்யூஷனில் விடுவதுபோல் மகளை விட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தேன். வாசலில் ஒரு தமிழ் ஆன்ட்டி மறித்தார். காட்டன் புடவை, மேலே ஸ்வெட்டர். நரைத்த கொண்டையில் மஞ்சள் பென்சில். பேச்சுக்கு நடுவே அதை உருவி எதையாவது குறித்துவிட்டு, மறுபடி செருகிக்கொள்வார்.

"எங்கம்மா கிளம்பிட்டே? இங்க டிராப் பண்ணிட்டுப் போற வழக்கமே இல்ல. எல்லா அம்மாவும் ஒரு கிளாஸ் எடுக்கணும்."

"ஆன்ட்டி, நான் டிபெண்டென்ட் விசா. வேலை பார்க்கக் கூடாது," என்றேன் பதறிப்போய்.

வயிறு குலுங்கச் சிரித்தார். "சம்பளம் யாரு தரப்போறா? என்ன படிச்சே?"

"எம்.எஸ்ஸி. மேத்ஸ்."

"அப்போ மாடியில அல்ஜீப்ரா. எடுத்துட்டிருந்தவளுக்குக் குழந்தை பொறந்திருக்கு. போ, பசங்க காத்துட்டிருக்காங்க," என்று பென்சிலை என் கையில் திணித்தார்.

அமெரிக்கா வந்தபின் என் படிப்பை யாரும் விசாரித்ததில்லை. விசாரித்த இவரோ, உனக்குச் சொல்லித்தர வருமா என்று கேட்கவே இல்லை. எந்த நம்பிக்கையில் அனுப்பினார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.

அன்று வகுப்பு முடித்து வீடு திரும்பி முகம் கழுவப் போனபோது கண்ணாடியில் பார்த்தேன். பென்சில் என் கொண்டையில் இருந்தது.