இரண்டு வெள்ளைக் கற்களுக்கு நடுவே

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கால் கிலோ புளி வாங்கினால்கூட எடைக்கல்லைத் திருப்பிப் பார்ப்பேன். நெல்லித்தோப்புக் கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பதினாலு வயதில் அந்தப் புத்தி என் ட்ரில் டீச்சர் மேல் பாய்ந்தது.

பிரெஞ்சு வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. டீச்சர் மதராஸ் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். பள்ளிக்குப் பின்னால், முன்பு சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு சிப்பாய்கள், கவாத்து பழகிய திடலில், இரண்டு வெள்ளைக் கற்கள் நடப்பட்டிருந்தன. முதல் நாளே அவற்றைக் காட்டி, நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டார். நூறு என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது.

மதராஸில் பள்ளிப் பெண்களுக்கு நூறு கெஜ ஓட்டப் பந்தயம் நடக்கவிருந்தது. பதிமூன்று விநாடிக்குள் ஓடுகிறவர் பெயரைத்தான் அனுப்பலாம். நான் அதுவரை ரயில் ஏறியதில்லை. போயே ஆகவேண்டும் என்று வெறி பிடித்திருந்தது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலில் தினமும் ஓடினேன். டீச்சர் கடைசிக் கல்லருகே கடிகாரத்தோடு நிற்பார். பதிமூன்று புள்ளி எட்டு. மறுநாளும் அதே எட்டு.

அப்புறம் நான் கல்லைப் பார்த்து ஓடவில்லை, அவர் கட்டைவிரலைப் பார்த்து ஓடினேன். வேண்டுமென்றே தாமதமாக அழுத்துகிறாரோ? நோட்டில் எழுதியதும் ஏன் பட்டென்று மூடுகிறார்? காட்டச் சொல்லிக் கேட்டேன். "உனக்கு எதுக்கு அதெல்லாம்? நீ ஓடு, போதும்" என்றார். அந்தப் பதிலே எனக்குச் சாட்சியாகிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். மில்லுத் தொழிலாளி பொண்ணு ரயிலேறிப் போனால் அசலூர்க்காரிக்குப் பொறுக்குமா என்று அம்மா எண்ணெய் ஊற்றினாள்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் போனேன். பழைய வழக்கத்தில் அவரை மதாம் என்போம். டீச்சர் என் நேரத்தைத் தப்பாக எழுதுகிறார் என்று புகார் சொன்னேன். மதாம் டீச்சரின் நோட்டையும் மதராஸுக்குப் போன விண்ணப்பத்தின் நகலையும் வரவழைத்துப் பார்த்தார். மாலையில் என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னது சரிதான். நோட்டுல எல்லாம் பதிமூணு எட்டு. விண்ணப்பத்துல பன்னெண்டு எட்டுன்னு பொய் எழுதி, போன வாரமே உன் பேரை அனுப்பிட்டாங்க."

என் பெயரைத் திரும்பப் பெறப் போவதாகச் சொன்னார். டீச்சரை அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா மில்லில் துணியை அளந்து மடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். எங்கிருந்து எங்கே ஓடினாய் என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மில் நாடாவோடு திடலுக்கு வந்தார். நான் ஒரு முனையைப் பிடிக்க, கல்லுக்குக் கல் அளந்தார். பிறகு, கடைசிக் கல்லுக்கு ஐந்து ஆள் நீளம் முன்னாலேயே காலால் ஒரு கோடு கிழித்தார்.

"நூறு கெஜம் இங்கயே முடிஞ்சுடுச்சு. அந்தக் கல்லு வெள்ளக்காரன் நட்டது, நூறு மீட்டரு. நீ தெனமும் கூடுதலாவே ஓடியிருக்கம்மா."

எங்கள் ஊரில் நூறு என்றால் மீட்டர்தான், அதைத் தனியாகச் சொல்கிற வழக்கமில்லை. மதராஸ்காரருக்கு நூறு என்றால் கெஜம். அவர் கேட்டார், நான் சொன்னேன். இருவரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை அப்பாவே வந்து மதாமிடம் விளக்கினார். என் பெயரைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் தெரிந்தே எழுதிய பொய் பொய்தான் என்று மதாம் டீச்சரைத் திரும்ப அழைக்கவில்லை. தையல் டீச்சர் துணைக்கு வர, மதராஸ் போய் ஓடினேன். மூன்றாவதாக வந்தேன். பன்னிரண்டு புள்ளி ஆறு. டீச்சர் எனக்காக எழுதிய பொய்யைவிட நான் வேகமாக ஓடியிருந்தேன்.

பிறகு நாலு வருடம் எத்தனையோ திடல்களில் ஓடினேன். அவர் விலாசத்தை மதாமிடம் கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை. தன்னைப் பற்றிப் புகார் சொன்னது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்பதுதான் எனக்கு இன்னும் தீராத சந்தேகம்.