துவாய் என்று எழுதிய அட்டை

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வீட்டுப் பொருள் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று, பொருளும் பெயர் எழுதிய அட்டையும் கேட்டார்கள். பேத்திக்காக ஒரு துவாயை மடித்து, "துவாய்" என்று அட்டையில் எழுதிக் கொண்டுபோனேன். ஆசிரியை அதைக் கோடு போட்டு வெட்டிவிட்டு "துண்டு" என்று எழுதினார்.

"அம்மா, துவாய் தமிழில்லை. போர்த்துக்கீசர் விட்டிட்டுப் போனது. பிள்ளையளுக்குத் தூய தமிழ் காட்டவேணும்."

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் துண்டு என்றால் கடதாசித் துண்டு. தலை துடைப்பது துவாய்தான். ஆனாலும் தலையாட்டிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஜெர்மனியில் இந்தப் பீலெஃபெல்டுக்கு வந்த நாள் முதல் யார் திருத்தினாலும் தலையாட்டித்தான் பழக்கம்.

வீட்டுக்கு வரும் வழியில் பேத்தி கேட்டாள். "அம்மம்மா, நீங்கள் எனக்குப் பிழையான தமிழோ சொல்லித் தந்தனீங்கள்?"

அதுதான் சுட்டது.

திங்கட்கிழமை நிலக்கீழ் அறையில் உடுப்புக் காயப்போடும்போது, மேல்மாடி ஸ்பானியக்காரியிடம் துவாயைத் தூக்கிக் காட்டினேன். இருவருக்கும் அரைகுறை ஜெர்மன்தான். "தோ-ஆ-யா" என்றாள். எழுதும்போது இரண்டு 'எல்' போடுவார்களாம், வாயில் 'ய' தான் வருமாம். சில நாட்டில் 'ஜ' என்பார்களாம். அவள் மொழியில் ஒருத்தி துவாயை எறிந்துவிட்டாள் என்றால் தோல்வியை ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமாம்.

மகள் கைத்தொலைபேசியில் தேடினாள். "அம்மா, போர்த்துக்கீசருக்கும் ஸ்பானியருக்கும் இந்தச் சொல் பழைய ஜெர்மானிய ஆக்களிட்ட இருந்து போனதாம். கழுவுறது எண்ட சொல்லில பிறந்ததாம்."

"அப்ப இஞ்சத்தைச் சொல்லோ?"

"ஓம். விசா இல்லாமல் யாழ்ப்பாணம் போய், உங்களோட திரும்பி வந்திருக்கு."

அவள் வாசித்த பக்கத்தில் தமிழுக்குள் வந்த போர்த்துக்கீசச் சொற்களின் பட்டியலும் இருந்தது. அதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனி "துவாய்" என்றே புது அட்டை எழுதிக் கொண்டுபோனேன். மண்டபத்தில் ஆசிரியையின் கையெழுத்தில் மேசை, அலுமாரி, கதிரை என்று வரிசையாக ஒட்டியிருந்தது.

"ரீச்சர், துவாயை வெட்டுறதெண்டால் முதல் இது மூண்டையும் வெட்டுங்கோ. இதுகளும் அவங்கள் விட்டிட்டுப் போனதுதான்."

"கதிரையுமோ?"

"ஓம். நீங்கள் இருக்கிறது அதிலதான்."

பின்னால் ஒரு தாய் களுக்கென்று சிரித்தாள். ஆசிரியை கதிரையை விட்டு எழும்பவில்லை. பேத்தி பசையை நீட்டினாள். துவாய்க்குக் கீழே ஒட்டியிருந்த "துண்டு" அட்டையை உரித்து மடித்து என் பைக்குள் வைத்தேன். அது கடதாசித் துண்டுதானே. என் அட்டையை நானே ஒட்டினேன், கொஞ்சம் கோணலாக.